கெர்னல் கம்பைல் செய்யும்போது ப்ராசஸர் வகை: எதைத் தேர்வது, எப்படித் தேர்வது

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைச் சொந்தமாகக் கம்பைல் செய்ய, அதாவது மூலநிரலிலிருந்து கட்ட, உட்காரும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் திகைத்துப்போகிறார்கள். 'ப்ராசஸர் டைப் அண்ட் ஃபீச்சர்ஸ்' என்ற மெனுவைத் திறந்ததும் தங்கள் லேப்டாப்பில் இருக்கும் ப்ராசஸரின் பெயரை அங்கே தேடுவார்கள். பெயர் இருக்காது. கையில் இருப்பது ரைசன், மெனுவில் இருப்பது ஆப்டெரான். உடனே ஏதோ ஒன்றை அழுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக. குறிப்பாக, ஓசூர் எல்லையைத் தாண்டி வேலை தேடி பெங்களூருக்கு வந்து, பிடிஎம் லேஅவுட்டிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ பிஜியில் தங்கி, எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய லேப்டாப்பில் லினக்ஸ் பழகும் தம்பி தங்கைகளுக்காக.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெர்னல் எந்த மெஷினில் ஓடப்போகிறதோ அந்த மெஷினின் ப்ராசஸரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கம்பைல் செய்யும் மெஷின் எது என்பது இங்கே கணக்கில்லை. எதில் ஓடும் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் 'ஜெனெரிக்' என்ற பொதுத் தேர்விலேயே விட்டுவிடுங்கள். இது ஒன்று மனதில் இருந்தாலே கருப்புத் திரையில் போய் முட்டிக்கொள்ள மாட்டீர்கள். ஏன் இப்படி, எப்படிச் செய்வது என்பதைத்தான் இனி விரிவாகச் சொல்கிறேன்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.

முதல் வேலை: ப்ராசஸரை அடையாளம் காண்பது

டவுன் ஹால் பக்கம் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் பழைய லேப்டாப் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தமிழ் பேசும் கடைக்காரர்களும் நிறைய. "ஐ5 தம்பி, எஸ்எஸ்டி போட்டிருக்கு, பறக்கும்" என்பார்கள். "எத்தனாவது ஜெனரேஷன் அண்ணா?" என்று கேளுங்கள். பதில் வந்தாலும் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். கீபோர்டுக்குக் கீழே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாதீர்கள்; பழுது பார்க்கும்போது மேல்மூடியை மாற்றியிருந்தால் ஸ்டிக்கர் ஒன்று சொல்லும், உள்ளே இருப்பது வேறாக இருக்கும். நிறுவாமலேயே லினக்ஸை ஓட்டும் லைவ் யூஎஸ்பி போட்ட பென்டிரைவ் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே பூட் செய்து, டெர்மினலில் எல், எஸ், சி, பி, யு என்ற ஐந்து எழுத்தையும் சேர்த்து அடியுங்கள். எல்எஸ்சிபியு கட்டளை உள்ளதை உள்ளபடி சொல்லிவிடும்.

வரும் பட்டியலில் முதலில் நான்கு வரிகளைப் பாருங்கள். 'ஆர்க்கிடெக்சர்' என்ற வரியில் எக்ஸ்86_64 என்று இருந்தால் இப்போது ஓடுவது 64 பிட் கெர்னல். அதற்கு அடுத்த 'ஆப்-மோட்' வரியில் 32, 64 இரண்டும் இருந்தால் ப்ராசஸரே 64 பிட். யாரோ 32 பிட் ஓஎஸ் போட்டு வைத்த மெஷினாக இருந்தால் முதல் வரி ஐ686 என்று காட்டும். ஆனால் இரண்டாவது வரி உண்மையைச் சொல்லும். 'வெண்டர் ஐடி' வரி இன்டெலா ஏஎம்டியா என்று சொல்லும். 'மாடல் நேம்' வரியில்தான் முழுப்பெயர் இருக்கும்.

உதாரணத்துக்கு, அந்த வரியில் 'கோர் ஐ5-6300யு' என்று இருக்கிறது என்று வையுங்கள். கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் எண் 6. ஆக ஆறாவது ஜெனரேஷன், ஸ்கைலேக் குடும்பம். 8250யு என்றால் எட்டாவது. 1135ஜி7 என்றால் பதினொன்றாவது. ஐ5 என்ற பெயர் மட்டும் எதையும் சொல்லாது; மூன்றாவது ஜெனரேஷன் ஐ5க்கும் எட்டாவது ஜெனரேஷன் ஐ5க்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது.

இவை தவிர 'ஃப்ளாக்ஸ்' என்று ஒரு நீளமான வரியும் இருக்கும். அதைப் பார்த்து மிரள வேண்டாம். அந்த ப்ராசஸருக்கு என்னென்ன கட்டளைகள் புரியும் என்ற பட்டியல்தான் அது. அதில் எல்எம் என்று இருந்தால் 64 பிட். எஸ்எஸ்இ4_2, ஏவிஎக்ஸ்2, ஏவிஎக்ஸ்512எஃப் ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஏன் இந்த மூன்று? 2020இல் 64 பிட் எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) ப்ராசஸர்களை நான்கு படிகளாக வகுத்தார்கள். 2003இல் வந்த முதல் 64 பிட் சிப்புகளிலேயே இருந்தவை மட்டும் என்றால் முதல் படி. எஸ்எஸ்இ4.2 வரை இருந்தால் வி2. ஏவிஎக்ஸ்2, எஃப்எம்ஏ, பிஎம்ஐ எல்லாம் இருந்தால் வி3. ஏவிஎக்ஸ்-512 இருந்தால் வி4. உங்கள் மெஷின் எந்தப் படி என்று கணினியையே கேட்கலாம்: '/லிப்64/எல்டி-லினக்ஸ்-எக்ஸ்86-64.எஸ்ஓ.2 --ஹெல்ப்' என்று அடித்தால், கடைசிப் பகுதியில் எந்தெந்தப் படி 'சப்போர்ட்டட்' என்று வந்துவிடும். ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகம் 2.33 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். இன்றைய டிஸ்ட்ரோக்களில் (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்புகளில்) இருக்கிறது.

வருடத்தையும் விளம்பரப் பெயரையும் வைத்து இந்தப் படியை ஊகிக்கவே கூடாது. கோர் 2 டுயோ முதல் படியில்தான் நிற்கிறது. மூன்றாவது ஜெனரேஷன் ஐ5 வி2. நான்காவது ஜெனரேஷன் ஐ5 வி3. ஆனால் பத்தாவது ஜெனரேஷன் காலத்தில் வந்த செலரானிலும் பென்டியம் கோல்டிலும் ஏவிஎக்ஸ் கிடையாது, அவை வி2தான். ஆக 2013இன் ஐ5, 2020இன் செலரானைவிட மேல்படியில் இருக்கிறது. பதினொன்றாவது ஜெனரேஷன் லேப்டாப் சிப்புகளில் ஏவிஎக்ஸ்-512 உண்டு. பன்னிரண்டாவதில் இன்டெல் அதை எடுத்துவிட்டது. ஏஎம்டி பக்கமும் இதே குழப்பம்தான். ரைசன் 5 7520யு என்ற பெயரைப் பார்த்தால் 7000 வரிசை, புத்தம்புது ஜென் 4 என்று தோன்றும். உள்ளே இருப்பது பழைய ஜென் 2 வடிவமைப்பு. அதனால்தான் பெயரைவிட ஃப்ளாக்ஸ் வரியை நம்பச் சொல்கிறேன்.

மெனுவில் என்ன இருக்கும்

கெர்னல் மூலநிரலை இறக்கி, விரித்து, அந்த டைரக்டரிக்குள் போய் 'மேக் மெனுகான்ஃபிக்' என்று அடித்தால் நீல நிறத் திரை வரும். மேலேயே '64-பிட் கெர்னல்' என்ற வரி இருக்கும். 64 பிட் ப்ராசஸர் என்றால் அதில் நட்சத்திரம் இருக்க வேண்டும். அடுத்து 'ப்ராசஸர் டைப் அண்ட் ஃபீச்சர்ஸ்'. இதற்குள் என்ன தெரியும் என்பது நீங்கள் எடுத்த கெர்னல் பதிப்பைப் பொறுத்தது. பழைய கட்டுரையைப் படித்துவிட்டுப் புதிய கெர்னலில் தேடுகிறவர்கள் குழம்புவது இங்கேதான்.

6.14 வரையிலான பதிப்புகளில் 'ப்ராசஸர் ஃபேமிலி' என்ற பட்டியல் இருக்கும். உபுண்டு 24.04 வெளிவந்தபோது இருந்த 6.8, டெபியன் 13இல் இருக்கும் 6.12 எல்லாம் இந்த வகை. 64 பிட்டில் ஐந்தே ஐந்து தேர்வுகள்: ஆப்டெரான்/அத்லான்64/ஹேமர்/கே8, இன்டெல் பி4, கோர் 2/புதிய ஜியான், இன்டெல் ஆட்டம், ஜெனெரிக்-எக்ஸ்86-64. ரைசன் வைத்திருப்பவர் ஏஎம்டி என்றதும் முதலாவதைத் தொட்டுவிடுவார். கே8 என்பது 2003இல் வந்த சிப். ரைசனுக்கும் அதற்கும் நிறுவனம்தான் ஒன்று. ரைசன் என்றால் ஜெனெரிக். இன்டெல் ஐ3, ஐ5, ஐ7 என்றால் 'கோர் 2/புதிய ஜியான்' எடுத்தாலும் ஓடும், ஜெனெரிக் எடுத்தாலும் ஓடும். என்னைக் கேட்டால் ஜெனெரிக்தான். 2006இன் கோர் 2க்கு ஏற்றபடி வரிசைப்படுத்திய நிரல் இன்றைய சிப்புக்குப் பெரிய நன்மை எதையும் தந்துவிடாது.

2025 மே மாதம் வந்த 6.15இல் அந்த முதல் நான்கு தேர்வுகளையும் 64 பிட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். நல்ல முடிவு, இருபது வருடம் பழைய பெயர்கள் புதியவர்களைத் திசைதிருப்பியதுதான் மிச்சம். ஆகவே புதிய கெர்னலில் பட்டியலே காணவில்லை என்றால் நீங்கள் எதையும் தவறவிடவில்லை. ஜூலையில் வந்த 6.16இல் அதற்குப் பதிலாக ஒரே ஒரு தேர்வு சேர்ந்தது: 'பில்ட் அண்ட் ஆப்டிமைஸ் ஃபார் லோக்கல்/நேட்டிவ் சிபியு'. ஒய் அழுத்தினால், கம்பைல் நடக்கும் மெஷினின் ப்ராசஸருக்கு என்றே கெர்னல் தயாராகும். சந்தேகமாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள் என அதன் உதவிக் குறிப்பே சொல்கிறது.

பழைய கெர்னலிலும் இதே பலன் வேண்டுமானால் மெனுவைத் தொட வேண்டியதில்லை. கம்பைல் கட்டளையோடு 'கேசிஃப்ளாக்ஸ்=-மார்ச்=நேட்டிவ்' என்று சேர்த்தால் போதும்; கேசிஃப்ளாக்ஸ் என்பதை மட்டும் பெரிய எழுத்தில் அடிக்க வேண்டும்.

32 பிட் மெஷின் என்றால் நிலைமை வேறு. எல்எம் இல்லாத பழைய பென்டியம் 4 மேஜைக்கணினி வீட்டில் கிடந்தால், '64-பிட் கெர்னல்' வரியில் நட்சத்திரத்தை எடுத்துவிடுங்கள். பென்டியம், கே6, அத்லான், விஐஏ என்று நீளமான பட்டியல் வரும். அங்கே தேர்வு உண்மையிலேயே முக்கியம். 'பென்டியம்-ப்ரோ'வுக்குக் கட்டிய கெர்னல் பென்டியம் 4இல் ஓடும்; பென்டியம் 4க்குக் கட்டியது பென்டியம்-ப்ரோவில் ஓடும் என்ற உறுதி இல்லை. கீழ்ப்படிக்குக் கட்டினால் மேல்படியில் ஓடும், மறுபக்கம் ஓடும் என்று நம்ப முடியாது என்பதே பொது வழக்கம். 386க்கான ஆதரவு 3.8 பதிப்பிலேயே போய்விட்டது. டெபியன் 13 இந்த 32 பிட் மெஷின்களுக்குக் கெர்னலோ இன்ஸ்டாலரோ தருவதில்லை. ஆகவே இங்கே சொந்தமாகக் கம்பைல் செய்வதற்கு நியாயமான காரணம் இருக்கிறது.

நேட்டிவ் போட்டால் எவ்வளவு வேகம் கூடும்?

கெர்னலைப் பொறுத்தவரை கொஞ்சம்தான், பல நேரம் கண்ணுக்கே தெரியாது. ப்ராசஸருக்குள் இருக்கும் பெரிய ரெஜிஸ்டர்களை (தற்காலிகச் சேமிப்பிடங்களை) தொடும் எஸ்எஸ்இ, ஏவிஎக்ஸ் போன்ற கட்டளைகளைக் கெர்னலின் சாதாரண நிரலில் பயன்படுத்த வேண்டாம் என்று கம்பைலருக்கு அதன் கட்டமைப்பே உத்தரவு போட்டிருக்கிறது. ஒவ்வொருமுறை கெர்னலுக்குள் நுழையும்போதும் அந்த ரெஜிஸ்டர்களை எடுத்துவைத்துத் திரும்ப வைப்பது வீண் செலவு என்பதால்தான் இந்த ஏற்பாடு. மறைகுறியாக்கம், ரெய்டு போன்றவற்றுக்கு அவை தேவைப்படும். அங்கே கையால் எழுதிய அசெம்பிளி நிரல் தனியாக இருக்கிறது. மெஷின் பூட் ஆகும்போதே இந்தச் சிப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பொருத்தமானதைக் கெர்னல் எடுத்துக்கொள்ளும். ஜெனெரிக் கெர்னலிலும் இதெல்லாம் நடக்கும். ஆக ஜெனெரிக் போட்டதால் உங்கள் சிப்பின் திறமை முடங்கிக் கிடக்கும் என்ற பயம் தேவையில்லை.

உண்மையான லாபம் வேறு இடத்தில். வீடியோ மாற்றுவது, படங்களோடு வேலை செய்வது, எண்கணக்கு நூலகங்கள் ஆகியவற்றில் படி கூடக் கூட வித்தியாசம் தெரியும். ஜென்டூ போன்ற, எல்லாவற்றையும் மூலநிரலிலிருந்து கட்டும் டிஸ்ட்ரோவில் 'காமன்_ஃப்ளாக்ஸ்' (இது பெரிய எழுத்தில்) வரியில் '-மார்ச்=நேட்டிவ்' எழுதுவதற்கு அர்த்தம் இருப்பது அதனால்தான்.

கட்டும் வேலை

உபுண்டு, டெபியன் வைத்திருப்பவர்களுக்கான வழியைச் சொல்கிறேன். பில்ட்-எசென்ஷியல், ஃப்ளெக்ஸ், பைசன், பிசி, லிப்என்கர்சஸ்-டெவ், லிப்எஸ்எஸ்எல்-டெவ், லிப்எல்ஃப்-டெவ், டெப்ஹெல்பர் ஆகிய பேக்கேஜ்களை நிறுவிக்கொள்ளுங்கள். இப்போது நன்றாக ஓடும் கெர்னலின் அமைப்புக் கோப்பு /பூட் டைரக்டரியில் 'கான்ஃபிக்-' என்று தொடங்கும் பெயரில் இருக்கும். அதை மூலநிரல் டைரக்டரிக்குள் '.கான்ஃபிக்' என்ற பெயரில் நகலெடுங்கள். வெறும் கையோடு எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல முயலாதீர்கள், ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

பிறகு 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்'. நேரத்தை மிச்சப்படுத்துவதில் ப்ராசஸர் தேர்வைவிட நூறு மடங்கு பலன் தரும் படி இதுதான். இந்த நிமிடம் மெஷினில் ஏறியிருக்கும் மாட்யூல்களை (டிரைவர் போன்ற கெர்னல் துண்டுகளை) மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் கழித்துவிடும். டிஸ்ட்ரோவின் முழு அமைப்போடு பழைய லேப்டாப்பில் மணிக்கணக்கில் ஓடும் கம்பைல், இதற்குப் பிறகு வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் அடிப்பதற்கு முன் நீங்கள் பயன்படுத்தும் சாமான்களை எல்லாம் ஒருமுறை செருகிவிடுங்கள்: யூஎஸ்பி வைஃபை, ஹெட்செட், டெதரிங்குக்குப் பயன்படுத்தும் போன், வெளி ஹார்டுடிஸ்க். செருகாததற்கு மாட்யூல் இருக்காது. பிஜியில் வைஃபை எட்டாமல் போன் டெதரிங்கில் காலம் தள்ளுகிறவர்கள் இதை மறந்தால், புதிய கெர்னலில் நெட் இல்லாமல் உட்கார வேண்டியிருக்கும்.

அடுத்து 'மேக் மெனுகான்ஃபிக்'. ப்ராசஸர் தேர்வை மேலே சொன்னபடி செய்யுங்கள். அதே மெனுவில் மற்றவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். ப்ராசஸரின் பிழைகளைத் திருத்தும் மைக்ரோகோடை அணைக்காதீர்கள். பிரதான மெனுவில் சிபியு பாதுகாப்பு ஓட்டைகளுக்கான 'மிட்டிகேஷன்ஸ்' பகுதி இருக்கும். 2018இல் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் வெளிவந்த பிறகு வந்த தடுப்புகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. வேகத்துக்காக அதை அணைக்கச் சொல்லும் யூடியூப் வீடியோக்களைக் கேட்காதீர்கள். 'கெர்னல் ஹேக்கிங்' பகுதியில் டீபக் தகவலை மட்டும் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் டிஸ்க் நிரம்பிவிடும். கடைசியாக, 'ஜெனரல் செட்டப்' பகுதியில் 'லோக்கல் வெர்ஷன்' என்ற இடத்தில் '-ஸ்கைலேக்' அல்லது '-ஜெனெரிக்' என்று ஒரு வால் சேர்த்துவிடுங்கள். பூட் மெனுவில் எது எதற்குக் கட்டியது என்று பார்த்ததும் தெரியும்.

உபுண்டுவின் அமைப்புக் கோப்பை எடுத்திருந்தால், நடுவில் ஏதோ சான்றிதழ் கோப்பு இல்லை என்று கம்பைல் நின்றுவிடும். 'சிஸ்டம்_டிரஸ்டட்_கீஸ்', 'சிஸ்டம்_ரெவொகேஷன்_கீஸ்' என்ற இரண்டு அமைப்புகளின் மதிப்பை வெற்றாக்கினால் சரியாகிவிடும். மெனுவில் சாய்கோட்டை அழுத்தினால் தேடும் பெட்டி வரும். பெயரைக் கொடுத்துத் தேடலாம்.

இனி 'மேக் -ஜே4 பின்டெப்-பிகேஜி'. நான்கு என்ற இடத்தில் 'என்ப்ராக்' கட்டளை காட்டும் எண்ணைப் போடுங்கள். கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்து நின்றுவிட்டால் கவலை வேண்டாம்; அதே கட்டளையைத் திரும்ப அடித்தால் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரும். முடிந்ததும் மேல் டைரக்டரியில் டெப் கோப்புகள் இருக்கும். அவற்றை 'டிபிகேஜி -ஐ' கொண்டு நிறுவுங்கள். பழைய கெர்னலைத் தொடாதீர்கள். அது பூட் மெனுவில் பத்திரமாக இருக்கும்வரை எந்தத் தவறும் திருத்தக்கூடியதுதான்.

வேறு மெஷினில் கட்டி, இங்கே கொண்டுவருவது

பழைய லேப்டாப் சூடாகித் திணறும்போது நண்பரின் ரைசன் டெஸ்க்டாப்பிலோ கிளவுட் சர்வரிலோ கட்டலாம் என்று தோன்றுவது இயல்பு. தாராளமாகச் செய்யலாம். நேட்டிவ் மட்டும் கூடாது. ரைசனில் நேட்டிவ் போட்டால் கம்பைலர் பிஎம்ஐ2 போன்ற கட்டளைகளை நிரலெங்கும் தூவிவிடும். அந்தக் கெர்னலை மூன்றாவது ஜெனரேஷன் ஐ5இல் ஏற்றினால் அதற்குப் புரியாத கட்டளை வந்ததும் அங்கேயே நின்றுவிடும். 'லோடிங் இனிஷியல் ராம்டிஸ்க்' என்ற வரிக்குப் பிறகு கருப்புத் திரை, அல்லது உடனே ரீஸ்டார்ட். பிழைச் செய்தி எழுதுவதற்குக்கூட நேரம் இருக்காது. கிளவுட் மெஷினுக்கு இன்னொரு சிக்கல்: உள்ளே இருக்கும் உண்மைச் சிப்பின் எல்லா ஃப்ளாக்ஸையும் விர்ச்சுவல் மெஷின் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சரியான வழி இது. ஓடப்போகும் லேப்டாப்பில் 'ஜிசிசி -மார்ச்=நேட்டிவ் -க்யூ --ஹெல்ப்=டார்கெட்' என்று அடித்து, வருவதில் '-மார்ச்=' வரியைத் தேடுங்கள்; க்யூ மட்டும் பெரிய எழுத்து. 6300யு என்றால் அங்கே ஸ்கைலேக் என்று வரும். அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு, கட்டும் மெஷினில் 'கேசிஃப்ளாக்ஸ்=-மார்ச்=ஸ்கைலேக்' என்று கொடுங்கள். ஜிசிசி என்ற அந்தக் கம்பைலரும் போதிய அளவு புதிதாக இருக்க வேண்டும்: ஜென் 4, ஜென் 5 போன்ற சிப்புகளின் பெயர் பழைய ஜிசிசிக்குத் தெரியாது.

பூட் ஆகாதபோது எல்லாப் பழியையும் ப்ராசஸர் தேர்வின் மேல் போடாதீர்கள். 'பேட் ஷிம் சிக்னேச்சர்' என்று வந்தால் அது செக்யூர் பூட் விவகாரம்; கெர்னலுக்குக் கையெழுத்து இல்லை. பயாஸில் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும், அல்லது கெர்னலுக்குக் கையெழுத்திட வேண்டும். 'ரூட்' பகுதியை மவுண்ட் செய்ய முடியவில்லை என்று பேனிக் (கெர்னல் நின்றுபோகும் பிழை) வந்தால் டிஸ்க்குக்கான மாட்யூலோ, பூட் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்போ விட்டுப்போயிருக்கும். 'எக்ஸ்86-64 சிபியு தேவை, ஐ686தான் இருக்கிறது' என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி வந்தால் மட்டும், 64 பிட் கெர்னலை 32 பிட் ப்ராசஸரில் ஏற்றியிருக்கிறீர்கள்.

ராஸ்பெரி பை வைத்திருப்பவர்களுக்கு இந்த மெனுவே வராது. அது ஏஆர்எம்; அங்கே ப்ராசஸர் குடும்பத்துக்குப் பதில் பலகைக்கான தயார் அமைப்பைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 64 பிட்டில் பை 4க்கு 'பிசிஎம்2711_டெஃப்கான்ஃபிக்', பை 5க்கு 'பிசிஎம்2712_டெஃப்கான்ஃபிக்'. எக்ஸ்86 மெஷினில் கட்டுவதானால் 'ஆர்ச்=ஏஆர்எம்64' (ஆர்ச் மட்டும் பெரிய எழுத்தில்) என்பதோடு, வேறு வகைச் சிப்புக்குக் கட்டும் கிராஸ் கம்பைலரின் பெயரையும் கொடுக்க வேண்டும்.

புதிய கெர்னலில் ஏறியதும் 'யூநேம் -ஆர்' அடித்து, நீங்கள் சேர்த்த வால் தெரிகிறதா என்று பாருங்கள். வைஃபை, ஒலி, மூடியை மூடித் திறந்தால் தூங்கி எழுவது, ப்ளூடூத் எல்லாவற்றையும் சோதியுங்கள். ஒரு வாரம் தினசரி வேலைக்கு வைத்துப் பார்த்துவிட்டு, '.கான்ஃபிக்' கோப்பை வேறு எங்காவது பத்திரப்படுத்துங்கள். அடுத்த பதிப்பு வரும்போது அதை உள்ளே வைத்து 'மேக் ஓல்டுகான்ஃபிக்' அடித்தால் புதிதாகச் சேர்ந்த கேள்விகளை மட்டும் கேட்கும்.